நிற்காத கட்சிகளும் இழக்கும் வாக்காளர்களும்: முத்துக்குளித்துறையின் தேர்தல் கணக்கு

தூத்துக்குடி மாவட்டத்தில் விளாத்திகுளம், தூத்துக்குடி, திருச்செந்தூர், ஸ்ரீவைகுண்டம், ஓட்டப்பிடாரம், கோவில்பட்டி என ஆறு சட்டமன்றத் தொகுதிகள் உள்ளன. 2021ஆம் ஆண்டுத் தேர்தலில், நாட்டையே ஆண்டுகொண்டிருந்த பாரதிய ஜனதா கட்சி இந்த ஆறில் ஒன்றில்கூட வேட்பாளரை நிறுத்தவில்லை. 1967 வரை மாநிலத்தை ஆண்ட காங்கிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் மட்டும் நின்றது. பெரிய கட்சிகளும் இதற்கு விலக்கல்ல: தூத்துக்குடித் தொகுதியை அதிமுக தமிழ் மாநில காங்கிரசுக்கும், கோவில்பட்டியைத் திமுக மார்க்சிஸ்ட் கட்சிக்கும் விட்டுக்கொடுத்தன. 2019இல் பாஜக தன் மாநிலத் தலைவராக இருந்த தமிழிசை சௌந்தரராஜனையே திமுகவின் கனிமொழிக்கு எதிராக நிறுத்திய தூத்துக்குடி மக்களவைத் தொகுதி, 2024இல் அதே கட்சியால் தமிழ் மாநில காங்கிரசுக்கு ஒதுக்கப்பட்டது.

ஒரு கட்சி தேர்தலில் நிற்காமல் இருப்பதை அச்சம் என்றோ சோம்பல் என்றோ சொல்லிவிடுவது எளிது; ஆனால், மன்றங்களில் சிறு எண்ணிக்கையில் இருக்கும் ஒரு கட்சியின் இடத்திலிருந்து பார்த்தால், நிற்காமை பல வேளைகளில் நன்கு கணக்கிட்டு எடுக்கப்பட்ட முடிவாகவே இருக்கிறது. அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதையும், தலைமைக்கு ஆதாயமாகத் தெரியும் அந்த முடிவின் செலவு முத்துக்குளித்துறை எனப்படும் இந்தக் கடற்கரையின் வாக்காளர் மீதும் அடிமட்டத் தொண்டர் மீதும் எப்படி விழுகிறது என்பதையும் விளங்கிக்கொள்வது, தமிழ்நாட்டு அரசியலையே விளங்கிக்கொள்வதற்கு ஒப்பாகும்.

விட்டுக்கொடுத்துப் பெறுதல்

இந்தியத் தேர்தல் முறையில் ஒரு தொகுதியில் யார் மற்றவர்களைவிட அதிக வாக்குப் பெறுகிறாரோ அவரே வென்றவர். பாதிக்கு மேல் பெற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, இரண்டாம் இடத்துக்கு எந்தப் பரிசும் இல்லை. மாநிலம் முழுவதும் பத்து விழுக்காடு வாக்கைப் பரவலாக வைத்திருக்கும் கட்சி ஓர் இடத்தைக்கூட வெல்லாமல் போகலாம். அதே பத்து விழுக்காட்டை ஒரு பெரிய கட்சியின் வாக்கோடு சேர்த்தால் இருபது முப்பது இடங்களை வெல்லலாம். தொகுதிப் பங்கீடு என்னும் ஏற்பாடு இந்த உண்மையிலிருந்தே பிறக்கிறது. சிறிய கட்சி பெரும்பாலான தொகுதிகளில் நிற்கும் உரிமையைக் கைவிட்டு, அதற்கு ஈடாகச் சில தொகுதிகளில் பெரிய கட்சியின் வாக்குகளைப் பெற்றுக்கொள்கிறது.

இதன் உச்சம் 1971இல் நிகழ்ந்தது. காங்கிரஸ் இரண்டாகப் பிளந்த பின் இந்திரா காந்தி தலைமையிலான பிரிவு திமுகவுடன் உடன்பாடு கண்டு, தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்றத் தொகுதியில்கூடப் போட்டியிடாமல், அதற்கு மாற்றாக ஒன்பது மக்களவைத் தொகுதிகளைப் பெற்று ஒன்பதையும் வென்றது. தில்லியில் பெரும்பான்மை தேடிய தலைமைக்கு அது சிறந்த பேரம். ஆனால், கட்சியின் தேசியத் தேவைக்காக மாநிலக் களம் முழுவதையும் ஒப்படைத்துவிடலாம் என்ற முன்னுதாரணம் அன்றே எழுதப்பட்டது. பின்னர் எம்.ஜி.ஆர். காலத்தில், மக்களவையில் மூன்றில் இரண்டு பங்கு காங்கிரசுக்கும் சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு அதிமுகவுக்கும் என்ற சூத்திரம் அதை வழக்கமாக்கியது. 1989இல் மூப்பனார் தலைமையில் தனித்து நின்ற காங்கிரஸ் ஏறத்தாழ இருபது விழுக்காடு வாக்கையும் 26 இடங்களையும் பெற்றது. மேலும் கால் நூற்றாண்டு கூட்டணிகளுக்குள் கழிந்தபின் 2014 மக்களவைத் தேர்தலில் மீண்டும் தனித்து நின்றபோது அதன் வாக்கு 4.3 விழுக்காடாகச் சுருங்கியிருந்தது. இந்தச் சரிவுக்குப் பிளவுகளும் வேறு காரணங்களும் உண்டு என்றாலும், தேர்தலுக்குத் தேர்தல் பெரும்பாலான தொகுதிகளில் சின்னமே கண்ணில் படாத ஒரு கட்சியின் வாக்காளர் வேறு சின்னத்துக்குப் பழகிவிடுவது இயல்பு.

பணமும் ஆளும்

கூட்டணிக் கணக்குக்குக் கீழே செலவுக் கணக்கு ஒன்றும் ஓடுகிறது. சட்டமன்றத் தேர்தலில் வேட்பாளர் 10,000 ரூபாயும் மக்களவைத் தேர்தலில் 25,000 ரூபாயும் வைப்புத்தொகையாகக் கட்ட வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு இதில் பாதி. செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைப் பெறாதவருக்கு இத்தொகை திரும்பக் கிடைக்காது. இதையே டெபாசிட் இழப்பது என்கிறார்கள். 2024இல் தூத்துக்குடி மக்களவைத் தொகுதியில் கனிமொழி 5,40,729 வாக்குகள் பெற, இரண்டாம் இடம் பெற்ற அதிமுக வேட்பாளருக்கு 1,47,991 வாக்குகளே கிடைத்தன. மாநிலத்தைப் பலமுறை ஆண்ட கட்சியின் வேட்பாளரே வைப்புத்தொகையைக் காப்பாற்ற முடியாத களத்தில் ஒரு சிறிய கட்சி நிற்கத் தயங்குவதில் வியப்பில்லை. தொகை சிறிதாக இருந்தாலும், டெபாசிட் போனது என்ற செய்தி அடுத்த பேச்சுவார்த்தை மேசையில் அக்கட்சியின் மதிப்பைக் குறைத்துவிடும். நிற்காத கட்சியின் வாக்குவலிமையை யாரும் அளக்க முடியாது. அளக்கப்படாத வலிமையை வைத்துப் பேரம் பேசலாம். நிற்காமைக்குப் பின்னால் உள்ள காரணங்களில் வெளியே சொல்லப்படாதது இதுவே.

உண்மையான செலவு வைப்புத்தொகைக்கு அப்பால் இருக்கிறது. சட்டமன்ற வேட்பாளர் ஒருவர் செலவிடலாம் என்று 2022இல் உயர்த்தி வகுக்கப்பட்ட வரம்பே 40 லட்சம் ரூபாய்; வேட்பாளருக்காக அன்றிக் கட்சிக்காகக் கட்சி செய்யும் செலவுக்கு வரம்பே இல்லை. பணத்தைவிட அரிதானது ஆள்பலம். ஒரு தொகுதியில் இருநூறுக்கும் மேற்பட்ட வாக்குச்சாவடிகள் இருக்கும். அவை ஒவ்வொன்றிலும் காலை முதல் மாலை வரை அமர்ந்து, வருவோரை அடையாளம் கண்டு, ஐயம் எழுந்தால் ஆட்சேபம் தெரிவிக்கும் முகவர் ஒருவர் வேண்டும். ஏற்பு பெற்ற கட்சியின் வேட்பாளரை ஒரு வாக்காளர் முன்மொழிந்தால் போதும், ஏற்பு பெறாத கட்சியின் வேட்பாளருக்கோ பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்ற விதியும் சிறிய கட்சிக்கு முதல் படியிலேயே சுமையாகிறது.

கடற்கரையின் அமைப்பு

இந்தப் பொதுக் காரணங்களோடு முத்துக்குளித்துறைக்கே உரிய ஒரு காரணமும் சேர்கிறது. வடக்கே வேம்பாரிலிருந்து தெற்கே பெரியதாழை வரை மீனவ ஊர்கள் கடலை ஒட்டிய மெல்லிய கோடாக நீள்கின்றன. முத்துக்குளிப்பு 1961க்குப் பின் நடைபெறாமல் போனாலும், அந்தத் தொழிலால் அறியப்பட்ட பரதவர் சமூகம் இன்றும் இந்த ஊர்களில் செறிந்து வாழ்கிறது. ஆனால், சட்டமன்றத் தொகுதிகள் கடற்கரை நெடுக வரையப்படாமல் கடலிலிருந்து உள்நாடு நோக்கி வரையப்பட்டிருப்பதால், தருவைகுளத்தின் வாக்கும் மணப்பாட்டின் வாக்கும் ஒரே பெட்டியில் சேர்வதில்லை; ஒவ்வொரு தொகுதியிலும் கடற்கரை வாக்கு கரிசல் நிலத்து வாக்குக்கோ தாமிரபரணிப் பாசன ஊர்களின் வாக்குக்கோ நகர வாக்குக்கோ சிறுபான்மையாகிறது. மீன்பிடித் துறைமுகம், டீசல் மானியம், கடலரிப்பு, கடல் எல்லை தாண்டியதாகக் கைதாகும் மீனவர் என இந்த ஊர்களின் கவலைகள் பொதுவானவை. எனினும் அவற்றை முன்வைத்து ஒரு சிறிய கட்சி எந்தத் தொகுதியிலும் தனித்து வெல்ல இயலாது. ஆகவே கடற்கரைத் தலைவர்கள் தனிக் கட்சி நடத்துவதைவிடப் பெரிய கட்சிகளுக்குள் ஓர் இடம் தேடுவதையே விவேகமாகக் கருதுகிறார்கள்.

முஸ்லிம்கள் செறிந்து வாழும் காயல்பட்டினத்தின் நிலையும் இதை ஒத்தது. நகராட்சி எல்லைக்குள் பெரும் செல்வாக்குள்ள சமூகம், அந்நகரை உள்ளடக்கிய திருச்செந்தூர் சட்டமன்றத் தொகுதியில் ஒரு பகுதியாகவே கரைகிறது. 2021இல் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் திமுக அணியில் பெற்ற மூன்று இடங்களும் கடையநல்லூர், வாணியம்பாடி, சிதம்பரம் என வேறு மாவட்டங்களில் அமைந்தன.

புறக்கணிப்பு என்னும் ஆயுதம்

கூட்டணிக்காக விலகி நிற்பது ஒரு வகை. தேர்தலே நியாயமாக நடக்காது என்று அறிவித்து விலகுவது மற்றொரு வகை. இரண்டாவது வகையைப் புறக்கணிப்பு என்கிறோம். இது பெரும்பாலும் இடைத்தேர்தல்களில் நிகழ்கிறது. இடைத்தேர்தலின் முடிவு ஆட்சியை மாற்றாது. அமைச்சர்கள் அத்தனை பேரும் ஒரே தொகுதியில் முகாமிட முடியும். பணமும் நலத்திட்டங்களும் அங்கே குவிய முடியும். தோல்வி உறுதி என்று தெரிந்த களத்தில் பணத்தையும் பெயரையும் இழப்பதைவிட, களத்தையே நேர்மையற்றது என்று அறிவித்துவிடுவது எதிர்க்கட்சிக்கு மலிவாக முடிகிறது.

தூத்துக்குடி மாவட்டம் இந்த ஆயுதத்தை இரு திசைகளிலிருந்தும் கண்டது. 2009 ஆகஸ்டில் ஸ்ரீவைகுண்டம் உள்ளிட்ட ஐந்து தொகுதிகளில் இடைத்தேர்தல் நடந்தபோது, எதிர்க்கட்சியாக இருந்த அதிமுக ஐந்தையும் புறக்கணித்தது. ஸ்ரீவைகுண்டத்தைத் திமுக அணியில் நின்ற காங்கிரஸ் வென்றது. அதிமுக விலகிய களத்தில் ஆளும் அணிக்கு எதிரான வாக்குகளைத் திரட்டும் வாய்ப்பு விஜயகாந்தின் தேமுதிகவுக்குக் கிடைத்தது. இரண்டே ஆண்டுகளில் அதே தேமுதிகவுக்கு 41 தொகுதிகளை ஒதுக்கி அதிமுக கூட்டணி அமைத்ததும், அதில் 29ஐ வென்று தேமுதிக சட்டமன்றத்தின் முதன்மை எதிர்க்கட்சியாக அமர்ந்ததும் அதன்பின் நடந்தவை.

2014 செப்டம்பரில் காட்சி தலைகீழானது. மேயராக இருந்த அதிமுகவின் சசிகலா புஷ்பா மாநிலங்களவைக்குச் சென்றதால் காலியான தூத்துக்குடி மேயர் பதவிக்கும், கோயம்புத்தூர், திருநெல்வேலி மேயர் பதவிகளுக்கும் இடைத்தேர்தல் அறிவிக்கப்பட்டபோது, இம்முறை திமுக புறக்கணித்தது. வேறு சில கட்சிகளும் விலகின. திருநெல்வேலியில் பாஜக வேட்பாளரும் மனுவைத் திரும்பப் பெற, அங்கே அதிமுக வேட்பாளர் போட்டியின்றியே தேர்வானார். ஊர்ப்பேச்சில் ‘அன்னபோஸ்ட்’ என்று சொல்லப்படும் அந்த முடிவில் திருநெல்வேலி வாக்காளர் எவருக்கும் வாக்களிக்கும் வாய்ப்பே வாய்க்கவில்லை. தூத்துக்குடியில் வாக்குப்பதிவு நடந்து அதிமுகவின் அந்தோணி கிரேஸ் வென்றார். ஆனால், நகரில் ஆழ வேரூன்றிய திமுக நில்லாததால் ஆளுங்கட்சிக்கு எதிரான முதன்மைப் போட்டியாளர் என்னும் இடம் பாஜகவுக்குக் கிடைத்தது. 2024இல் விக்கிரவாண்டியிலும் 2025இல் ஈரோடு கிழக்கிலும் அதிமுக விலகியபோது, முறையே பாட்டாளி மக்கள் கட்சியும் நாம் தமிழர் கட்சியும் இரண்டாம் இடத்தைப் பிடித்தன. புறக்கணிக்கப்பட்ட களம் காலியாக நிற்பதில்லை என்பதையே இந்த எடுத்துக்காட்டுகள் காட்டுகின்றன.

மன்னார் வளைகுடாவுக்கு அப்பால் இதைவிடக் கடுமையான பாடம் ஒன்று உண்டு. 1931இல் டொனமூர் அரசியலமைப்பின்கீழ் இலங்கை அரசாங்க சபைக்குத் தேர்தல் வந்தபோது, முழு விடுதலைக்குக் குறைவான எதையும் ஏற்பதில்லை என்ற உயர்ந்த கொள்கையோடு யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் புறக்கணிப்பை முன்னின்று நடத்தியது. அதன் விளைவாக வடக்கின் நான்கு தொகுதிகள் 1934 வரை உறுப்பினரின்றிக் கிடந்தன. புதிய அமைப்பின் முதல் ஆண்டுகளில் அப்பகுதித் தமிழரின் குரல் சபையில் இல்லாமலே முடிவுகள் எடுக்கப்பட்டன.

அதே வேளையில், விலகி நிற்றல் எப்போதும் தவறு என்று சொல்லிவிடவும் இயலாது. 1949இல் தொடங்கப்பட்ட திமுக 1952 தேர்தலில் போட்டியிடாமல், தன் கோரிக்கையை ஏற்ற பிற வேட்பாளர்களை ஆதரித்தது; 1956இல் திருச்சி மாநாட்டில் தொண்டர்களின் கருத்தை வாக்கெடுப்பால் அறிந்து, 1957இல் களம் புகுந்து, பத்தே ஆண்டுகளில் ஆட்சியைப் பிடித்தது. அந்த இடைவெளியை அக்கட்சி கிளைகள் அமைப்பதற்கும் படிப்பகங்கள் திறப்பதற்கும் பயன்படுத்தியது. அமைப்பைக் கட்டுவதற்காக ஒருமுறை காத்திருப்பது வேறு, அமைப்பு இல்லாததால் ஒவ்வொரு முறையும் ஒதுங்குவது வேறு.

விலகியவர் செலுத்தும் விலை

விலகலின் விலையை இம்மாவட்டத்து மண்ணில் செல்வாக்குப் பெற்றிருந்த மறுமலர்ச்சி திமுகவின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. 1994இல் தோன்றிய மதிமுக 1996இல் தனி அணி அமைத்து நின்றபோது, விளாத்திகுளத்தில் அதன் நிறுவனர் வைகோ சில நூறு வாக்குகளில்தான் தோற்றார். 2006இல் அதிமுக அணியில் 35 இடங்களில் நின்று ஆறு இடங்களை வென்ற அக்கட்சி, 2011இல் தரப்பட்ட இடங்கள் போதாமல் சட்டமன்றத் தேர்தலையே முற்றாகப் புறக்கணித்தது. 2016இல் கோவில்பட்டி வேட்பாளராக அறிவிக்கப்பட்ட வைகோ கடைசி நேரத்தில் விலகினார். 2021இல் கட்சி திமுகவின் உதயசூரியன் சின்னத்தில் நின்றது. 2024இல் திருச்சி மக்களவைத் தொகுதியில் மட்டும் தனித்தன்மையோடு நிற்க விரும்பியபோது, ஒரே தொகுதியில் நிற்கும் கட்சிக்குப் பொதுச்சின்னம் இல்லை என்ற விதியால் தன் பம்பரம் சின்னம் கிடைக்காமல் தீப்பெட்டிச் சின்னத்தில் நிற்க நேர்ந்தது. வெற்றி கிடைத்தது; ஆனால், பல ஆண்டுகள் சுவர்களில் எழுதிப் பழக்கிய சின்னம் கைவிட்டுப் போனது.

புதிய தமிழகம் கட்சியும் இதே வட்டாரத்தின் சான்று. அதன் நிறுவனர் டாக்டர் கிருஷ்ணசாமி ஓட்டப்பிடாரத்தில் 1996இலும் 2011இலும் வென்றார். 2016இல் 493 வாக்குகளில் வெற்றியைத் தவறவிட்டார். 2019 இடைத்தேர்தலில் அத்தொகுதியில் கூட்டணிக் கட்சியான அதிமுகவே நின்றது. 2021இல் கிருஷ்ணசாமி மீண்டும் தனித்து நின்றபோது முதல் இரண்டு இடங்களின் அருகில்கூட வர இயலவில்லை. பெரிய கட்சியின் வாக்கு விலகியபின் எஞ்சும் சொந்த வாக்கு எவ்வளவு என்பது அப்போதுதான் வெளிப்படுகிறது.

அரசியல் விலையோடு சட்ட விலையும் சேர்ந்துவிட்டது. பதிவு செய்யப்பட்டும் ஏற்பு பெறாத கட்சிகள் ஆறு ஆண்டுகள் தொடர்ந்து எந்தத் தேர்தலிலும் போட்டியிடாவிட்டால் அவற்றைப் பட்டியலிலிருந்து நீக்கலாம் என்ற நெறியின்படி, தேர்தல் ஆணையம் 2025 ஆகஸ்டில் 334 கட்சிகளையும் செப்டம்பரில் மேலும் 474 கட்சிகளையும் நீக்கியது. இரண்டாம் பட்டியலில் மனிதநேய மக்கள் கட்சியும் கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சியும் இடம்பெற்றன. இவை தேர்தலில் நிற்காத கட்சிகள் அல்ல, உறுப்பினர்களைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய கட்சிகள். திமுகவின் சின்னத்தில் நின்றதால், சட்டத்தின் பார்வையில் அவற்றின் வேட்பாளர்கள் திமுக வேட்பாளர்களாகவே கணக்கிடப்பட்டனர். இரவல் சின்னத்தில் வெல்வதும் கட்சியின் கணக்கில் நில்லாமைக்குச் சமமாகிவிடும் என்பதே இதன் பொருள்.

எதிர்த்திசைச் சான்று நாம் தமிழர் கட்சி. அதன் கருத்துகளை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் உரிமை. ஆனால், 2016 முதல் எல்லாத் தொகுதிகளிலும் தனித்து நின்று, ஒரு தொகுதியையும் வெல்லாமலே, ஏறத்தாழ ஒரு விழுக்காட்டிலிருந்து 2024இல் எட்டு விழுக்காட்டுக்கு மேல் வளர்ந்து, மாநிலக் கட்சி என்ற ஏற்பைப் பெற்றது என்பது கணக்கு சார்ந்த உண்மை. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலும், முந்தைய தேர்தல்களில் பல தொகுதிகளைக் குடியரசுக் கட்சிக்கே விட்டுவைத்திருந்த ஜனநாயகக் கட்சி, 2017இல் கீழவையின் நூறு இடங்களில் பெரும்பாலானவற்றில் வேட்பாளரை நிறுத்தியபோது 15 இடங்களைப் புதிதாகக் கைப்பற்றியது.

உள்ளாட்சி என்னும் முதற்படி

இத்தனையையும் சேர்த்துப் பார்க்கும்போது, சட்டமன்றத் தொகுதியில் சிறிய கட்சி ஒதுங்குவதற்கு இருக்கும் நியாயம் உள்ளாட்சியில் இல்லை என்பது புலப்படும். தூத்துக்குடி மாநகராட்சியில் 60 வார்டுகள் உள்ளன. ஒரு வார்டில் வாக்குச்சாவடிகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. வேட்பாளரை வாக்காளர் முகம் பார்த்து அறிவார். சட்டமன்றத் தொகுதியில் கரைந்துபோகும் கடற்கரைத் தெருக்களின் வாக்கு, ஒரு வார்டுக்குள் பெரும்பான்மையாகவே இருக்க முடியும். குடிநீர், கழிவுநீர், மீன் சந்தை, தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றிய கேள்விகளை மன்றத்தில் எழுப்ப ஒரே ஓர் உறுப்பினர் போதும். நாளைய சட்டமன்ற வேட்பாளரும் வாக்குச்சாவடி முகவரும் பயிற்சி பெறும் இடமும் இதுவே.

அந்தப் பயிற்சிக்களம் அடிக்கடி மூடப்படுவதும் ஒரு காரணம் என்பதைச் சொல்லியாக வேண்டும். 2016 அக்டோபரில் உள்ளாட்சி மன்றங்களின் காலம் முடிந்தபின், தூத்துக்குடி மாநகராட்சிக்கு 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் நடந்தது. ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் 2018 மே மாதத்தில் காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்த வேளையில், அந்த மாநகரின் சார்பில் பேசத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றமோ மேயரோ இல்லை. உரிய காலத்தில் தேர்தல் நடத்தாத அரசும், நடக்கும்போது வேட்பாளரை நிறுத்தாத கட்சியும் வாக்காளருக்குச் செய்யும் இழப்பு ஒன்றுதான்: தன் கோபத்தையும் நம்பிக்கையையும் பதிவு செய்ய ஒரு பெயர் அவருக்குக் கிடைக்காமல் போகிறது. ‘நோட்டா’ என்னும் எவருக்கும் இல்லை என்ற வாய்ப்பு மறுப்பைப் பதிவு செய்யும். மாற்றுத் திட்டத்தைப் பதிவு செய்யாது.

ஆகவே சிறிய கட்சிகள் எல்லாத் தேர்தல்களிலும் எல்லா இடங்களிலும் நிற்க வேண்டும் என்று கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாதது. சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் கூட்டணி தேவைப்படலாம். ஆனால், வார்டுகளிலும் ஊராட்சி ஒன்றியங்களிலும் மாவட்ட ஊராட்சியிலும் சொந்தச் சின்னத்தோடும் சொந்த வேட்பாளரோடும் நிற்பதை எந்தப் பேரத்திலும் விட்டுக்கொடுக்கக் கூடாத எல்லையாக அவை வகுத்துக்கொள்ள வேண்டும். ஒரு வார்டில் தோற்ற வேட்பாளர்கூடத் தனக்கு வாக்களித்த இருநூறு குடும்பங்களை அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு அறிந்தவராகிறார். அத்தகைய தொண்டர்கள் இருக்கும் கட்சிக்குப் பேச்சுவார்த்தை மேசையில் ஊகத்தை வைத்துப் பேரம் பேச வேண்டிய நிலை வராது. அத்தகையோர் இல்லாத கட்சிக்கு எந்தக் கூட்டணியும் நீடித்த வலிமையைத் தராது. தங்கள் தெருவில் கொடி நட்ட கட்சியிடம், தங்கள் வார்டில் ஏன் வேட்பாளரை நிறுத்தவில்லை என்று கேட்கும் உரிமை தூத்துக்குடியின் ஒவ்வொரு வாக்காளருக்கும் உண்டு. அந்தக் கேள்வியைத் தேர்தல் அறிவிப்பு வருமுன்பே கேட்கத் தொடங்குவதுதான் பயன் தரும்.